இரட்டை மஞ்சள்

சென்னை சென்ட்ரலை நோக்கி வரும் ரயில்கள் பேசின் பிரிட்ஜை நெருங்கியதும் நடை தளர்ந்துவிடும். இரவு முழுதும் இருட்டைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்த வண்டி, ஊர் வந்து சேர்ந்தபின் ஊர்ந்துபோகும். பையும் பெட்டியுமாக வாசலில் நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளும் அந்த ஊர்தல் பெரிய சோதனை. எனக்கோ இந்த நகரத்தின் இருப்புப் பாதையிலேயே மிக அழகான இரண்டு கிலோமீட்டர் அதுதான். அவசரமாக இறங்கவேண்டிய வேலை இல்லாத ஒரு காலையில் என்னோடு வாருங்கள். கதவோரத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வோம். வண்டி மெதுவாகப் போவது நமக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கீழே பாருங்கள். வடக்கே கூடூரிலிருந்து வரும் பாதை, மேற்கே அரக்கோணத்திலிருந்து பெரம்பூர், வியாசர்பாடி வழியாக வரும் பாதை, கடற்கரையிலிருந்து ராயபுரத்தைத் தொட்டுச் சுற்றி வரும் பாதை, எல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்கு அருகே இங்கே ஒன்றுகூடுகின்றன. ஒன்றையொன்று தொட்டு, விலகி, வளைந்து மறுபடி தொட்டு, எது எதற்குள் நுழைந்தது என்று தொடர்ந்து போகிற கண்ணைத் திணறடித்துவிடும் பின்னல் அது. மார்கழி விடியலில் புள்ளிகளைச் சுற்றி இழுத்த சிக்குக் கோலத்தில் இழை எங்கும் அறுபடாமல் ஓடுவதைப் போல, இங்கே ஒவ்வொரு இழையும் அறுபடாமல் ஓடித் தன் பிளாட்பாரத்தைப் போய்ச் சேர்கிறது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சக்கரம் தேய்த்த மேற்பரப்பு மட்டும் வெள்ளியாக மின்னும். பக்கவாட்டில் துருவின் இதமான செம்பழுப்பு. நாள் முழுதும் வண்டி ஓடும் தண்டவாளம் எது, எப்போதோ ஒருமுறை மட்டும் பயன்படுவது எது என்று அந்தப் பளபளப்பின் அளவே சொல்லிவிடும்.

இந்தப் பின்னலின் உயிர் பாயிண்ட்டில் இருக்கிறது. ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சீவிச் சீவி மெலிய வைத்த இரண்டு தண்டவாள முனைகள் இருக்கும். ஒன்று பக்கத்துத் தண்டவாளத்தோடு இழைந்து ஒட்டியிருக்கும். மற்றது கொஞ்சம் விலகி நிற்கும். வழி மாற்றவேண்டும் என்றால் ஓரத்திலிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் மோட்டார் சுழலும். ஒட்டியிருந்தது விலகும், விலகியிருந்தது போய் ஒட்டும், பூட்டு விழும். அந்த முனை சரியாக ஒட்டிப் பூட்டிக்கொண்டது என்ற சேதி வந்து சேரும்வரை அந்த வழிக்கான சிக்னல் சிவப்பை விட்டு அசையாது. ஒரு வழிக்கு இசைவு கொடுத்துவிட்டால், அதன் குறுக்கே வரக்கூடிய வேறெந்த வழிக்கும் இசைவு கொடுக்கவே முடியாதபடி அத்தனையும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். இன்டர்லாக்கிங் என்கிற இந்த ஏற்பாட்டைப் போல மனித அக்கறையை இரும்பில் வடித்த வேறொன்றை நான் பார்த்ததில்லை. இருபத்துச் சொச்சம் பெட்டிகள், அவற்றுக்குள் தூங்கி வழியும் குழந்தைகள், எல்லாருடைய பாரத்தையும் ஒரு மெல்லிய முனை வழிநடத்தி வளைவுக்குள் அனுப்புகிறது. வளைவு குறுகலாக இருந்தால் மணிக்கு 15 கிலோமீட்டர், சற்றே நீளமாக இழுத்துவிட்டிருந்தால் 30. வண்டி ஏன் இங்கே ஊர்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். உங்கள் பெட்டியின் சக்கரங்கள் ஒவ்வொரு குறுக்குவெட்டையும் கடக்கும்போது அடியிலிருந்து எழும் தாளத்தைக் கொஞ்சம் கேளுங்கள். எந்த இரண்டு பாயிண்ட்டும் ஒரே இடைவெளியில் இல்லாததால் அந்தத் தாளம் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி நிமிர்ந்து பார்க்கலாம். நான்கு விளக்குச் சிக்னல் கம்பம் ஒன்று மெல்ல நகர்ந்து வருகிறது. மேலிருந்து கீழாக மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. சாலை சிக்னலுக்குப் பழகிய கண் சிவப்பை உச்சியில் தேடும். இங்கே அது அடியில் இருக்கிறது. நிற்கச் சொல்லும் விளக்குதான் எஞ்சினில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கவேண்டும் என்று யாரோ எப்போதோ யோசித்து வைத்த இடம். ஒவ்வொரு விளக்குக்கு மேலும் வெயிலை மறைக்கும் கறுப்புத் தடுப்பு. நடுப்பகலில் அந்த நிழலுக்குள்ளிருந்து நிறம் தெளிந்து ஒளிர்வதைப் பாருங்கள்.

நான்கு செய்திகளில் என் நெஞ்சைக் கொள்ளைகொண்டது இரட்டை மஞ்சள். சிவப்பு நிற்கச் சொல்கிறது. பச்சை போகச் சொல்கிறது. ஒற்றை மஞ்சள், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வரச் சொல்கிறது. இரட்டை மஞ்சள் அதற்கும் முன்னால் நின்று, இன்னும் தூரம் இருக்கிறது, ஆனாலும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வா என்று பதற்றமே இல்லாமல் தெரிவிக்கிறது. கனமான வண்டி சட்டென்று நிற்கமுடியாது என்பதை அறிந்த பரிவு அதில் இருக்கிறது. அந்தி சாயும் வேளையில் மேம்பாலத்திலிருந்து இதைப் பார்க்கவேண்டும். மேலே ஒரு மஞ்சள், கீழே ஒரு மஞ்சள், நடுவில் அணைந்து கிடக்கும் பச்சை. வானத்தில் எஞ்சியிருக்கும் குங்குமப்பூ நிறமும் விளக்கின் பொன்னிறமும் சில நிமிடங்களுக்கு ஒரே சாயலில் இருக்கும். பிறகு வானம் கறுத்துவிட, இரண்டு பொன்துளிகள் மட்டும் மிதக்கும்.

புறநகர் ரயில் போகும் பாதைகளில் சில கம்பங்களில் வெள்ளை வட்டத்தகட்டில் ஆங்கில எழுத்து ‘ஏ’ கறுப்பில் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தானியங்கிச் சிக்னலுக்கான அடையாளம் அது. ஒரு வண்டி கடந்ததும் தானே சிவப்பாகி, அந்த வண்டி முன்னேற முன்னேறத் தானே மஞ்சளாகி, இரட்டை மஞ்சளாகி, பச்சையாகும். கடைசிப் பெட்டி போன பின்னும் நின்று பார்க்கும் பொறுமை இருந்தால், இந்த நிறமாற்றம் முழுவதையும் ரசிக்கலாம். வண்டி கண்ணுக்கு மறைந்துவிட்டாலும் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கம்பம் சொல்லிக்கொண்டே இருக்கும். இத்தகைய கம்பம் சிவப்பிலேயே நின்றுவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கவேண்டியதில்லை. பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, மிக மெதுவாக, முன்னே பார்த்தபடி நகரலாம் என்கிறது விதி. இரவுக்கு ஒரு நிமிடம் கூட்டிக் கொடுத்த அந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரியும் இடங்களில் கம்பத்தின் தலையில் சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் வரிசையாக எரியும். வண்டி இடப்புறம் திரும்பப்போகிறதா, வலப்புறமா என்பதை அந்தச் சாய்வு காட்டிவிடும். நேர்வழி என்றால் அந்த வரிசை எரியாது. நேரே போகிறவருக்குக் கூடுதலாக எதுவும் சொல்லவேண்டியதில்லை என்று விட்டிருக்கிறார்கள். இன்னும் கீழே, தரையோடு தரையாக, ஷண்டிங் சிக்னல் என்ற குட்டி இருக்கிறது. அதில் மூன்று வெள்ளை விளக்குகள், எரிவது எப்போதும் இரண்டு. படுக்கைவாட்டில் இரண்டு எரிந்தால் நில், சாய்வாக இரண்டு எரிந்தால் நகரலாம். இரண்டு நிலைக்கும் பொதுவான மூலைவிளக்கு அணைவதே இல்லை. அதைச் சுற்றி மற்ற இரண்டும் முறைவைத்து எரிகின்றன. நிறமே இல்லாமல் கோணத்தை மட்டும் வைத்துப் பேசும் இதன் அடக்கத்தை, பெரிய கம்பங்களின் வண்ணத்தில் மயங்கிக் கிடப்பவர்கள் தவறவிட்டுவிடுவார்கள்.

ஒரு காலத்தில் இந்த வேலையையெல்லாம் கைகாட்டி மரங்கள் செய்தன. படுக்கையாக நீண்டிருந்த கை, வண்டி வருமுன் கீழே சரியும் அழகு, கம்பி இழுபடும் ஓசை, இரவில் அதன் கண்ணாடிக்குப் பின்னால் எரிந்த எண்ணெய் விளக்கு ஆகியவை இந்த நகரத்துப் பாதைகளிலிருந்து விடைபெற்றுவிட்டன. அவற்றை நேசித்தவன்தான் நானும். ஆனாலும் இப்போதைய விளக்குகளின் தெளிந்த நிறத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

தலைக்கு மேலே ஓடும் மின்கம்பியை நேர்க்கோடு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பிளாட்பார முனையில் நின்று கம்பத்துக்குக் கம்பம் கண்ணை ஓட்டிப் பாருங்கள். தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு கம்பத்தில் இந்தப் பக்கம், அடுத்த கம்பத்தில் அந்தப் பக்கம் என்று சுமார் 200 மில்லிமீட்டர் விலகி, மிக மென்மையான நெளிவோடு அது போகிறது. எஞ்சினின் கூரையில் எழுந்து நிற்கும் பாண்டோகிராஃப் ஒரே இடத்தில் உரசித் தேய்ந்துவிடாமல் முழு அகலத்திலும் சமமாக உரசவேண்டும் என்பதற்கான நெளிவு அது. 25,000 வோல்ட் ஓடும் கம்பிக்கு எவ்வளவு ஒயிலான நடை! ஆங்காங்கே சில கம்பங்களின் ஓரத்தில் அடுக்கடுக்காகக் கனத்த எடைகள் தொங்குவதையும் பாருங்கள். கம்பியை எப்போதும் ஒரே விறைப்பில் இழுத்துப் பிடித்திருப்பவை அவை. வெயில் ஏறினால் கம்பி நீளும், எடைகள் தாழும். இரவு குளிர்ந்தால் கம்பி சுருங்கும், எடைகள் உயரும். கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் மதியத்தில் ஒருமுறையும் தை மாத விடியலில் ஒருமுறையும் ஒரே கம்பத்தைப் பார்த்தால் எடைகள் இடம் மாறியிருப்பது தெரியும். சென்னையின் தட்பவெப்பத்தை இவ்வளவு அமைதியாக உணர்ந்துகொண்டிருக்கும் இன்னொன்றை நான் அறியேன்.

பேசின் பிரிட்ஜ் யார்டில் நெடுந்தூர வண்டிகள் கழுவிக் குளித்து, உடுத்திக்கொண்டு நிற்கின்றன. வெயிலில் நீர் சொட்டும் சிவப்புப் பெட்டிகளுக்கு நடுவே பழைய நீலப் பெட்டிகள் தென்பட்டால் நான் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்ப்பேன். பக்கத்திலேயே, பெரம்பூரில், 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வார்ப்பில் பிறந்தவை அவை. 2018ல் அந்த வகைப் பெட்டிகளைச் செய்வதை அங்கே நிறுத்திவிட்டார்கள். நீலப் பெட்டிகளை இணைக்கும் முறையே தனி அழகு. இரண்டு பெட்டிகளின் வட்டமான பஃபர்கள் மெல்ல வந்து முட்டும். ஷண்டிங் ஊழியர் இடையில் குனிந்து நுழைந்து, கொக்கியைத் தூக்கி மாட்டி, திருகாணியைச் சுற்றிச் சுற்றி இறுக்குவார். பிறகு பிரேக்குக்கான காற்றுக் குழாய்களை ஒன்றோடொன்று கோப்பார். பச்சை அடையாளத்துக்குப் பச்சை, வெள்ளை அடையாளத்துக்கு வெள்ளை. சிவப்புப் பெட்டிகளிலோ இரண்டு கனத்த இரும்புக் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதோடு இணைப்பு முடிந்துவிடும். யார்டு முழுதும் அதிரும் ஒரே ஒரு கணீர். வேகமும் வசதியும் அதில்தான் அதிகம். அந்த மனிதர் திருகாணியை இறுக்கிவிட்டு நிமிரும்போது முகத்தில் தெரியும் நிறைவுக்காக என் மனம் பழையதன் பக்கம் சாய்கிறது.

வண்டி இப்போது சென்ட்ரலுக்குள் நுழைகிறது. 1873ல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்து எழுந்த நிலையம், பின்னர் கட்டடக்கலைஞர் சிஷோமின் கைவண்ணத்தில் மெருகேறியது. 136 அடி உயரக் கடிகாரக் கோபுரத்தின் நான்கு முகங்களும் நான்கு திசைக்கும் நேரம் காட்டுகின்றன. கால்மணிக்கு ஒருமுறை அதன் மணி ஒலிக்கும். வெளியே பேருந்துகளின் இரைச்சலில் அது அமுங்கிப்போனாலும் விடியற்காலையில் வந்து நின்றால் தெளிவாகக் கேட்கலாம். பக்கத்தில் 1922ல் திறக்கப்பட்ட தெற்கு ரயில்வே தலைமையகம் தன் கல் உடம்போடு கம்பீரமாக நிற்கிறது.

அழகில் இவற்றுக்கு மூத்தவள் ராயபுரத்தில் இருக்கிறாள். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்று இதைச் சொல்வார்கள். சென்ட்ரலின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. அதனாலேயே அந்த உயர்ந்த தூண்களின் வரிசையை எந்தத் தடையுமில்லாமல் நீங்கள் அனுபவிக்கலாம். ஒரு தூணின் அடியிலிருந்து தொடங்கி உச்சி வரை கண்ணை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பிற்பகலில் தூண்களின் நிழல் தரையில் சாய்ந்து, தூண், நிழல், தூண், நிழல் என்று ஒரு சந்தம் அமைத்துவிடுகிறது. துறைமுகத்துக் காற்றில் உப்பின் வாடை இருக்கும். அப்போது பார்த்து, ராயபுரம் ஷெட்டின் பெயர் எழுதிய வெள்ளை நிற டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் ஒன்று பெட்டிகள் இல்லாமல் தனியே கடந்துபோனால் அன்றைய நாள் பெருநாள்தான். நகரத் தொடங்கும்போது அதன் ரீங்காரம் படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி நின்று ஏறும். நின்று கேளுங்கள்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் பாதையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. 1931லேயே இங்கே மின்சார ரயில் வந்துவிட்டது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் அதுதான். தொடக்கத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அறுபதுகளில் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாயிற்று. 2004ல் மீட்டர் கேஜ் புறநகர் வண்டி ஓய்வுபெற்றது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தின் மேல், இன்றைய பெட்டியைவிடக் குறுகிய பெட்டி, வளைவில் லேசாகச் சாய்ந்தபடி சேத்துப்பட்டு ஏரியைக் கடந்துபோன காட்சி நினைவிருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர் மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் இருக்கிறார்கள். எதிரெதிர் இருக்கைக்காரர்களின் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும் நெருக்கம், அந்தக் குறுகிய பாதை தந்த உறவு.

அந்தக் குறுகிய பாதையின் தலைவாசலாக இருந்த எழும்பூருக்கு இருட்டிய பிறகு போகவேண்டும். 1908 ஜூன் 11 அன்று திறந்த நிலையம். ஹென்றி இர்வின் தீட்டிய வடிவத்துக்குச் சாமிநாத பிள்ளை உருக்கொடுத்தார். மைசூர் அரண்மனையைப் படைத்த அதே இர்வின்தான். செம்மை நிறச் சுவர்களில் வெள்ளை வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து குவிமாடத்தில் சேர்கின்றன. கார் நேராகப் பிளாட்பாரத்துக்கே வந்து நிற்கும்படி உள்ளே சாலை அமைத்திருந்த நிலையம் இது. மறுசீரமைப்பு வேலைகளின் தகரத்தடுப்புகளுக்கு நடுவிலும் அந்த முகப்பின் நளினம் குறையவில்லை. கொஞ்சம் ஒதுங்கி நின்று ஒரே ஒரு வளைவை மட்டும் பாருங்கள். உள்விளிம்பில் மாறி மாறி வரும் இரு நிறங்கள், வளைவு உச்சியை நெருங்க நெருங்கக் கண்ணை மேலே மேலே ஏந்திப் போகின்றன.

முன்னிரவில் தெற்கே போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். முத்துநகர், பொதிகை, நெல்லை, பாண்டியன். பெயர்களைச் சொன்னாலே ஊர் மணக்கிறது. எல்லாரும் ஜன்னலில் உறவினரைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் பெட்டியின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிவப்புப் பெட்டிகளில் சக்கரங்களுக்கு அருகே உள்ளங்கை அளவில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். பிரேக் பிடித்திருந்தால் அதில் சிவப்பு தெரியும், விட்டுவிட்டால் பச்சை. எஞ்சினிலிருந்து காற்று குழாய் வழியாக ஓடிவந்து, அழுத்தம் 5 கிலோவுக்கு ஏறும்போது, முன்பெட்டியில் தொடங்கிச் சிவப்பு பச்சையாகிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று பிளாட்பாரம் நெடுக அந்த மாற்றம் நம்மை நோக்கி வருகிறது. வண்டி இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் கிளம்ப முடிவெடுத்துவிட்டது. ஏதோ கேள்விப்பட்டதுபோல் குழந்தைகள் மட்டும் அதற்குள் கையசைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

எஞ்சினில் லோகோ பைலட் சிக்னலைப் பார்த்துக் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்கிறார். உதவியாளரும் கையை நீட்டி அதையே திருப்பிச் சொல்கிறார். இரண்டு பேர் கண்ணும் ஒன்றையே கண்டது என்று உறுதியாகிறது. கடைசிப் பெட்டியில் கார்டின் பச்சை விளக்கு ஆடுகிறது. வண்டி அசையும் அந்த முதல் நொடியில் சத்தமே இருக்காது. பிளாட்பாரம்தான் பின்னோக்கி நகர்கிறதோ என்று ஒரு மயக்கம். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறியும், அதனருகே எல்.வி. என்ற பலகையும், சிமிட்டும் சிவப்பு விளக்கும் இருக்கும். வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் அவற்றைப் பார்த்துத்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று உறுதி செய்துகொள்வார்கள்.

பாண்டியன் கிளம்பியாயிற்று. மலைக்கோட்டை வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதன் பெட்டிகளைப் பிளாட்பாரத்துக்குள் கொண்டுவரும்போது ஷண்டிங் சிக்னலின் இரண்டு விளக்குகள் சாய்ந்து எரிவதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லையே. மேம்பாலத்தின் தென்மூலையில் நின்றால் நன்றாகத் தெரியும். வாருங்கள், ஏறிவிடலாம்.